சேராதவர்கள் பட்டியல்

10 ஜூன் 2024, திங்கள்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் வேலையில் இருந்த காலத்தில், புரோகிராமில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுவேன். எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று பின்னால் யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும். இன்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால் இந்த நோட்டு.

காலை பத்தரைக்குப் பூந்துறையார் மோட்டார் சர்வீஸிலிருந்து போன். நான் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாளாக என் நம்பர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பேசிய பெண், "டைப்பிஸ்ட் துளசிமணிங்களா?" என்றாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டேன்.

இரண்டு நிமிடத்தில் என் வீட்டுக்காரர் போன் அடித்தது. அவரும் அதே கம்பெனியில் கண்டக்டராக இருந்தவர். "இருக்கறாங்க, குடுக்கறன்" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினார்.

விஷயம் இதுதான். எந்த பஸ்ஸில் எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர் என்று தினமும் ஷெட் பலகையில் ஒட்டும் டூட்டி சீட்டை முப்பத்தாறு வருடமாக என் புரோகிராம்தான் போடுகிறது. இப்போது கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை எழுதியிருக்கிறது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி முதல் அதுதான். சோதனையாக வாரத்தில் இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த நாள்களில் மட்டும் ஷெட்டில் சண்டை. வண்டி எடுக்க மாட்டேன் என்று ஆட்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். பழைய புரோகிராம் ஓடும் நாளில் ஒரு சத்தமும் இல்லை. ஏன் என்று சொல்ல நான் அரை மணி நேரம் வந்து போக வேண்டுமாம்.

கடிதம் கொடுத்தால் வருகிறேன் என்றேன். என்ன கடிதம் என்றாள். நான் அங்கே புரோகிராமராக வேலை பார்த்தேன் என்று கம்பெனி கடிதம் என்றேன்.

மத்தியானம் மாவு அரைத்தேன். அவருக்கு இடது பாதம் வீங்கியிருக்கிறது. வெந்நீர் ஒத்தடம், பிறகு தைலம்.

11 ஜூன், செவ்வாய்

கேட்டுவிட்டு அவர்கள் மறந்தாலும் நான் எழுதி வைத்துவிடுகிறேன்.

1983இல் என்னை டைப்பிஸ்ட்டாகத்தான் எடுத்தார்கள். இல்லை என்று சொல்லவில்லை. 1987இல் பெரிய முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்காக ஏசி அறை கட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேலாளர் சௌந்தரராஜன் மெட்ராஸில் ஆறு நாள் பயிற்சிக்குப் போய் வந்தார். வரும்போது நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தார். அதோடு அவர் வேலை முடிந்தது. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர் திரையில் சந்தனப் பொட்டு வைத்தார்கள். அதைத் துடைத்தது நான்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் படித்தால் ஒரு பக்கத்துக்கு மேல் மண்டையில் ஏறாது. ஆனால் எதைக் கொடுத்தாலும் தப்பில்லாமல் டைப் அடிப்பேன். எனவே அந்தப் புத்தகத்தை டைப் அடித்தேன். சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஆறு பக்கம். என் ரெமிங்டன் டைப்ரைட்டரில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, உதாரணங்கள், அட்டவணைகள் எல்லாம் சேர்த்து. ஒரு தடவை அடித்து முடித்தபோது கால்வாசி புரிந்தது. மறுபடி முதலிலிருந்து அடித்தேன். மூன்றாவது தடவை, அடுத்த வரி என்ன என்று பார்க்காமலே விரல் போனது. அப்போது தெரிந்துகொண்டேன், கற்றுவிட்டேன் என்று.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

அதுவரை டூட்டி போட்டவர் டைம் கீப்பர் நஞ்சப்பன். நாற்பத்தாறு வண்டி, இருநூற்றுச் சொச்சம் ஆட்கள். யாருக்கு லீவு, யாருக்கு மலை ரூட்டில் ஓட்ட லைசென்ஸ், யார் நேற்று இரண்டு ஷிப்ட் பார்த்தார், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அந்த வேலையை என் புரோகிராம் பத்தொன்பது நிமிடத்தில் செய்தது. முதல் சீட்டைப் பலகையில் ஒட்டிய நாள் 1988 பிப்ரவரி ஒன்று. அதன் அடியில் 'தயாரித்தவர்: மேலாளர்' என்று அச்சாக வேண்டும் என்று சௌந்தரராஜன் சொன்னார். அதையும் நான்தான் புரோகிராமில் எழுதினேன்.

2000ஆம் வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் நின்றுவிடும் என்று ஊரே பயந்தபோது, என் டூட்டி சீட்டு ஜனவரி ஒன்றாம் தேதி வழக்கம்போல் ஒட்டப்பட்டது. கம்ப்யூட்டரை நான்கு முறை மாற்றினார்கள். நான்கு முறையும் புரோகிராமை அழைத்துப் போய் உட்கார வைத்தது நான். 2012இல் ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரம் தந்தார்கள். அதில் 'திருமதி ம. துளசிமணி, முதுநிலைத் தட்டச்சர்' என்று பொறித்திருந்தது. இரண்டாவது வரி மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டினேன். கடிகாரம் நன்றாக ஓடுகிறது.

13 ஜூன், வியாழன்

சிந்துஜா வீட்டுக்கே வந்தாள். பெரிய முதலாளியின் பேரன் மனைவி. இப்போது கம்பெனியை நடத்துவது அவள்தான். கெட்டிக்காரி, கார் ஓட்டிக்கொண்டு தனியாக வந்தாள். மோர் கொடுத்தேன்.

"ஆன்ட்டி, கன்சல்டன்ட்னு போட்டுத் தரனுங்க. அதுதான் மரியாதையா இருக்கும்" என்றாள்.

"மரியாதையெல்லாம் வேண்டாம் கண்ணு. புரோகிராமர்னு போடு. 1988 பிப்ரவரி ஒண்ணுல இருந்துன்னு போடு."

பழைய பதிவேட்டில் அப்படி ஒரு பதவியே இல்லை என்றாள். டூட்டி சீட்டு முறையை உருவாக்கியவர் மேலாளர் சௌந்தரராஜன் என்றுதான் எல்லாத் தாளிலும் இருக்கிறதாம். சௌந்தரராஜன் போய்ச் சேர்ந்துவிட்டார், எழுப்பிக் கேட்க முடியாது. அப்படியானால் பட்டனைத் தட்டினால் என்ன நடக்கும் என்று அந்தத் தாளிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போனாள்.

என் வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையில் அவருடைய பழைய கண்டக்டர் பேட்ஜ், பித்தளை. 64 என்று நம்பர் பொறித்தது. அதை இப்போது பீரோ சாவிக்கு மாட்டி வைத்திருக்கிறார்.

"பிப்ரவரி ஒண்ணுதான் வேணுமா?" என்றார்.

"அதுதானே தேதி" என்றேன்.

எழுந்து கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

14 ஜூன், வெள்ளி

குக்கருக்குப் புது கேஸ்கட் போட்டேன். போன் வரவில்லை.

18 ஜூன், செவ்வாய்

கோயம்புத்தூர்க் கம்பெனியின் ஆள் வந்தார். பெயர் அப்துல் ரவூப். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், தாடி நரைத்திருக்கிறது. நேற்று பக்ரீத் என்பதால் வர முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். 'அம்மா' என்று ஆரம்பித்தார். நான் உங்களுக்கு அம்மா இல்லை என்றேன். உடனே 'மேடம்' என்றார், அதற்குப் பிறகு தவறவில்லை.

கேட்டது ஒரே கேள்வி. என் கோப்புகளில் ஒன்றுக்கு, ஆங்கில எழுத்தில் 'சேராது' என்று பெயர். அதில் நூற்று நாற்பத்து மூன்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நம்பர், வேறு எதுவும் இல்லை. எதற்கென்று புரியாததால் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கோப்புதான் ஷெட்டின் உயிர். எந்த டிரைவரோடு எந்தக் கண்டக்டர் ஒரே வண்டியில் போகக் கூடாது என்பதன் பட்டியல் அது. பேச்சு வார்த்தை இல்லாதவர்கள், அடித்துக்கொண்டவர்கள், ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காதவர்கள். இவர்களை ஏற்றி அனுப்பினால் டிரைவர் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த மாட்டார், கண்டக்டர் விசில் கொடுக்க மாட்டார், நடுவில் தவிப்பது ஜனங்கள். போன வெள்ளிக்கிழமை உடுமலை வண்டியில் அதுதான் நடந்திருக்கிறது. இறங்க வேண்டியவர்கள் நான்கு ஸ்டாப் தள்ளி இறங்கியிருக்கிறார்கள்.

இவ்வளவும் ரவூபிடம் சொல்லவில்லை. 'கடிதம் வந்தால் சொல்வேன்' என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இப்படி ஒரு டேபிள் வேணும்னு எங்களுக்குத் தோணவே இல்லைங்க மேடம்" என்றார். அதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அந்தக் கம்பெனி ஆள் ஒருவர் வாயிலிருந்து வந்தது.

19 ஜூன், புதன்

ஷெட்டுக்குப் போனேன். சிந்துஜா கார் அனுப்பினாள்.

பலகை அதே இடத்தில் இருக்கிறது. அதன்முன் நின்று இன்றைய சீட்டைப் படித்தேன். என் புரோகிராம் போட்டது. நான் விட்டுவந்த அதே எழுத்து, அதே இடைவெளி. பழைய செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர், 'டைப்பிஸ்ட் அக்கா வந்துட்டாங்க' என்று கத்தினார். அவரைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

சிந்துஜா வக்கீலைக் கேட்டிருக்கிறாள். டூட்டி போடும் விதி ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பார்கள். காரணங்களை எழுதி, இவை என்னால் எழுதப்பட்டவை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நூற்று நாற்பத்து மூன்றுக்கும். எல்லா வரியும் முடிந்தால் கடிதம். ஒரு வரி விட்டாலும் கடிதம் இல்லை.

நல்ல நிபந்தனை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். சம்மதித்தேன்.

21 ஜூன், வெள்ளி

இரண்டு நாளில் அறுபத்தொரு வரி. நான் சொல்கிறேன், ரவூப் அடிக்கிறார். இரண்டு விரலால் அடிக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசி வரியிலிருந்து முதல் வரியை நோக்கிப் போகிறேன். ஏன் தலைகீழாக என்று கேட்டார். என் வழக்கம் என்றேன்.

142: டிரைவர் பீடி குடிப்பார், கண்டக்டருக்கு மூச்சு இழுப்பு. 118: கண்டக்டரிடம் டிரைவர் வாங்கிய மாடு எட்டாம் நாள் பால் நின்றுபோனது. 104: ஒவ்வொரு வளைவிலும் கண்டக்டர் 'மெதுவா, மெதுவா' என்பார், டிரைவர் ஒருநாள் சாவியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். 90ஆம் வரிக்கு மட்டும் புரோகிராமுக்குள் தனியாக ஒரு தேதிக் கணக்கு இருக்கிறதே என்று ரவூப் கேட்டார். இருவரும் வேறு வேறு கட்சி. மற்ற நாளில் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள், தேர்தல் வந்தால்தான் ஆகாது. அதனால் தேர்தல் மாதங்களில் மட்டும் வேலை செய்யும்படி எழுதினேன்.

ரவூப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், எங்க டீம்ல ஒம்பது பேருங்க. இதை யாருமே யோசிச்சிருக்க மாட்டோம்."

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "ஒம்பது பேரா?" என்றார். "ஆமா, எல்லாரும் இஞ்சினியருங்க" என்றேன். பருப்பு நன்றாக வெந்திருந்தது இன்று.

24 ஜூன், திங்கள்

38ஆம் வரி. 19ஆம் நம்பரும் 152ஆம் நம்பரும். சொத்துத் தகராறு, 1993. சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனேன். ரவூப் நிறுத்தினார். 19 பரணிதரன், 152 குணசேகர், இரண்டு பேருக்கும் முப்பது வயதுதானே, 1993இல் எப்படித் தகராறு என்றார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். அப்பா ஓய்வு பெற்று மகன் வேலைக்கு வந்தால் அப்பாவின் நம்பரை மகனுக்குக் கொடுப்பார்கள். பெருமையாக வாங்கிக்கொள்வார்கள். நம்பர் வந்தபோது அப்பாக்களின் தகராறும் கூடவே வந்துவிட்டது. பையன்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒருவர் கல்யாணத்தில் இன்னொருவர் மாப்பிள்ளைத் தோழன். ஏழு வருடமாக ஒரே ஒரு நாள்கூடச் சேர்ந்து டூட்டி விழவில்லையே என்று ஷெட் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்திருக்கிறார்கள்.

"அது பிள்ளையார் போட்டதில்லீங்களா, நீங்க போட்டதுங்களா?" என்றான் பரணிதரன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நம்பர் மாறினால் வரியைச் சரிபார்க்க வேண்டும் என்று புரோகிராமில் எழுதியிருக்க வேண்டியது நான். எழுதவில்லை. 38ஆம் வரியை நீக்கச் சொல்லி, 'எழுதியவரின் தவறு' என்று காரணம் போடச் சொன்னேன்.

அதைச் சொன்னதும் என்னவோ போல இருந்தது. கெட்டதாக இல்லை.

26 ஜூன், புதன்

26ஆம் வரி முதல் 2ஆம் வரி வரை இன்று. இவை எல்லாம் டைம் கீப்பர் நஞ்சப்பன் வாயால் சொல்ல, நான் எழுதிக்கொண்டவை. 1988 பிப்ரவரி கடைசியில், ஒரே நாளில். அவரும் இப்போது இல்லை.

உண்மையில் அவர் முன்பே சொல்ல வந்தார். ஜனவரியில், நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தபோது. ஏசி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். யாரை யாரோடு போடக் கூடாது என்று ஒரு கணக்கு இருக்கிறது என்றார். கம்ப்யூட்டருக்கு எல்லோரும் ஒன்றுதான், அதில் ஆள் பார்க்கக் கூடாது என்று நான் சொன்னேன். "நம்பரு சண்டை போடாது அம்மிணி. ஆளு போடுவான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாலை நாலு மணிக்கு ஒரு வரிதான் மிச்சம்.

"கடைசி ஒண்ணுங்க மேடம். 27, 64" என்றார் ரவூப்.

சோதனைக்காகப் போட்டது, காரணம் ஒன்றும் இல்லை, எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே அடித்தார்.

நாளை கையெழுத்து.

27 ஜூன், வியாழன்

தலைவலி என்று போன் செய்துவிட்டேன். ரசத்தில் உப்புப் போடவில்லை என்று அவர் சொன்னார்.

29 ஜூன், சனி

தைலம் தடவும்போது அவர் கேட்டார். "அந்தப் பட்டியல்ல நானும் டிரைவர் ஆறுச்சாமியும் இருக்கறமா?"

"இருந்தீங்க. எடுக்கச் சொல்லிட்டேன்."

"எடுத்துட்டா? ஆறுச்சாமி செத்தே ஆறு வருசம் ஆச்சு. இனி ரெண்டு பேரும் ஒண்ணா வண்டி ஏறிருவமா என்ன?"

விரல் விரலாகத் தடவினேன். பெருவிரலும் அடுத்த இரண்டும் கிடையாது, மிச்சம் இரண்டுதான்.

"பதிவேட்டுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமல்ல? கண்டக்டரின் கவனக்குறைவு. முப்பத்தாறு வருசமா நான் கவனமில்லாதவன், நீ டைப்பிஸ்ட்டு. ரெண்டு பேருக்கும் பேர் வெச்சது சௌந்தரராஜன்தான்."

"அவரு மட்டும் வெக்கலீங்க" என்றேன்.

"தெரியும், விடு" என்றார். "ஆஸ்பத்திரியிலயே தெரியும்."

முப்பத்தாறு வருடத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசியது இவ்வளவுதான். பிறகு காபி போட்டேன்.

30 ஜூன், ஞாயிறு

என் பழைய வழக்கப்படி எழுதுகிறேன். எது, ஏன், எப்போது.

1988 பிப்ரவரி 22, திங்கள். வண்டி: மலை ரூட், காலை முதல் ட்ரிப். டிரைவர் 27, ஆறுச்சாமி. கண்டக்டர் 64, மயில்சாமி, என் கணவர். கோயில் கிடா விருந்தில் யார் இலைக்கு முதலில் கறி வைத்தார்கள் என்று ஆரம்பித்து, இரண்டு பேரும் ஒன்றரை வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. பதிமூன்றாவது வளைவில் வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று பின்னோக்கி வரச் சொல்ல வேண்டும். வண்டியை ஒரு தட்டுத் தட்டினால் நில், இரண்டு தட்டினால் போகலாம். இவர் ஒரு தட்டுத் தட்டினார். ஆறுச்சாமிக்கு இரண்டாகக் கேட்டது. 'ஹோல்டேன், நில்லு' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். பேசாத ஆளிடம் எப்படிக் குரல் கொடுப்பது என்று இன்னொரு முறை தட்டப் போனார். அதற்குள் சக்கரம் பாதத்தின் மேல்.

அவர்கள் பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, 'என்னை மட்டும் மாத்திப் போடு' என்று அவர் கேட்டார். டைப்பிஸ்ட் தன் புருஷனுக்கு வசதி செய்துகொண்டாள் என்று நாளைக்கே பேசுவார்கள், முடியாது என்றேன். என் புரோகிராம் மூன்று வாரம் தப்பில்லாமல் ஓடியிருந்தது.

மறு வாரம் சௌந்தரராஜன் கூப்பிட்டார். புரோகிராமர் என்று பதவி கேட்டு நான் கொடுத்த மனு அவர் மேஜையில் இருந்தது. "இது உன் புரோகிராம்னா இந்தக் காலும் உன் கணக்குதாம்மா. பேசாம இரு. மயில்சாமிக்கு டிக்கெட் செக்ஷன்ல உக்கார்ற வேலை போட்டுத் தரேன்" என்றார். மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். விசாரணையில் 'கண்டக்டரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அந்த அறிக்கையை டைப் அடித்தது நான்.

சௌந்தரராஜன் என்னிடமிருந்து திருடினார் என்று இவ்வளவு நாள் சொல்லிவந்தேன். கொடுத்தேன் என்பதுதான் சரி.

1 ஜூலை, திங்கள்

காலை ஒன்பதுக்கே ஷெட்டுக்குப் போனேன். ரவூபை எழுந்திருக்கச் சொல்லி, நானே உட்கார்ந்து அடித்தேன். பத்து விரலாலும்.

'வரி 1. 27, 64. காரணம்: இருவரும் பேசிக்கொள்ளாதவர்கள் என்று தெரிந்திருந்தும், கேட்டுக்கொண்ட பிறகும், புரோகிராம் எழுதியவர் இவர்களைச் சேர்த்து டூட்டி போட்டார். 22.2.1988 விபத்து. கண்டக்டர் மேல் தவறில்லை. இந்தப் பட்டியல் அந்த விபத்துக்குப் பிறகு தொடங்கப்பட்டது. அதன்பின் இன்றுவரை இந்தக் காரணத்தால் ஒரு விபத்தும் இல்லை. எழுதியவர்: ம. துளசிமணி, புரோகிராமர்.'

ரவூப் படித்துவிட்டு வெளியே போனார். டீயோடு வந்தார். சிந்துஜா இரண்டு முறை படித்தாள். வக்கீலிடம் காட்ட வேண்டும் என்றாள்.

எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன். கார் வேண்டாம் என்றேன். பரணிதரன் ஓட்டினான், குணசேகர் டிக்கெட் கொடுத்தான். வண்டி முழுக்க இவர்கள் பேச்சுதான்.

4 ஜூலை, வியாழன்

கடிதம் வந்தது. நல்ல தடித்த தாள். 'புரோகிராமர்' என்று சரியாக இருந்தது. '1988 மார்ச் 1 முதல்' என்று போட்டிருந்தது.

உறையிலேயே திருப்பிப் போட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் சிந்துஜா பேசினாள். வக்கீல் சொல்லித்தான் அப்படிப் போட்டாளாம். மார்ச் என்று இருந்தால் அந்த விபத்து என் காலத்தில் வராது, யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. "உங்க நல்லதுக்குத்தானுங்க ஆன்ட்டி. ஒரு மாசந்தானுங்களே வித்தியாசம்."

"பிப்ரவரி மாசம் பலகையில ஒட்டுன சீட்டை எழுதுனது யாருன்னு கேட்டா யாரைக் கண்ணு சொல்லுவே?"

மறுபடியும் வக்கீல் என்று ஆரம்பித்தாள்.

"அந்த ஒரு மாசம் எனக்கில்லைன்னா மிச்ச இருபத்துநாலு வருசமும் வேண்டாம். பிப்ரவரி ஒண்ணுன்னு போடு. அவரு பேருக்கும் தனியா ஒரு கடிதம் வேணும், கவனக்குறைவுன்னு எழுதுனதை எடுத்துட்டோம்னு."

வக்கீல் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றாள். வக்கீலை வந்து டூட்டி போடச் சொல் என்றேன்.

5 ஜூலை, வெள்ளி

போன் இல்லை. புளி சுத்தம் செய்தேன்.

8 ஜூலை, திங்கள்

இன்று புதிய முறையில் டூட்டி. பட்டியலைச் சேர்த்த பிறகு முதல் நாள். நாற்பத்தாறு வண்டி அறுபத்திரண்டு ஆகிவிட்டது, அறுபத்திரண்டும் நேரத்துக்குக் கிளம்பின. ரவூப் போன் செய்து சொன்னார். புதிய முறையில் அந்தக் கோப்புக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டேன். "நீங்க வெச்ச பேரேதானுங்க மேடம்" என்றார்.

நம்பர் கைமாறினால் எச்சரிக்கை வர வேண்டும், அது வருகிறதா என்று கேட்டேன். வருகிறதாம். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

11 ஜூலை, வியாழன்

பதினொரு மணிக்கு இரண்டு உறைகள் வந்தன. சிந்துஜா தானே கொண்டுவந்தாள். உட்காரவில்லை, பந்தலூர் வண்டி நின்றுவிட்டதாம், ஓடினாள்.

என்னுடையதில்: 'திருமதி ம. துளசிமணி அவர்கள் 1988 பிப்ரவரி 1 முதல் 2012 மே 31 வரை எங்கள் நிறுவனத்தில் புரோகிராமராகப் பணியாற்றினார்.' ஓர் எழுத்துப் பிழை இல்லை. மூன்று தரம் பார்த்தேன்.

கடிகாரத்தை இறக்கினேன். பிளாஸ்திரியை உரித்தால் பழைய வரி தெரியும். உரிக்கவில்லை. அதன் மேலேயே பேனாவால் 'புரோகிராமர்' என்று எழுதி மாட்டினேன்.

அவர் தன் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார். நான்கு வரிதான், வெகு நேரம் படித்தார். மடித்து, 64 பேட்ஜின் அடியில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே மேஜையைத் தட்டினார்.

இரண்டு தட்டு. நன்றாகக் கேட்டது.